டிஸ்சார்ஜ் புக்குல ஒரு பேரு, ஆதார்ல ஒரு பேரு

போன இதழ்ல பென்ஷன் பத்தி ரெண்டு வரி எழுதினாலும் எழுதினேன், வந்த லெட்டர்ல பாதிக்கு மேல மில்டரில இருந்து வந்தவங்களோடது. எல்லாம் ஒரே பாட்டுதான், பேரு தப்பு, பொண்டாட்டி பேரு தப்பு, தேதி தப்பு. நானும் ஆர்மில கிளார்க் டிரேட்ல பேனா பிடிச்சு வெளிய வந்தவன்ங்கறதால இந்த தடவை முழு இடத்தையும் இதுக்கே குடுத்துட்டேன். வீட்டு வரி, பட்டா பத்திக் கேட்டவங்க ஒரு இதழ் பொறுத்துக்கோங்க.

கேள்வி: நான் ஆர்ட்டிலரி (பீரங்கிப் படை). 1968ல சேர்ந்து 1985ல ஹவில்தாரா வெளிய வந்தேன். இப்ப ஸ்பர்ஷ்ல (மில்டரி பென்ஷன் வெப்சைட்) பேரன் திறந்து காட்டினான், மனைவி பேரு அலகமல்னு இருக்கு, பிறந்த தேதி 1956 ஜூலை 1. அவ பேரு அழகம்மாள், ஸ்கூல் டி.சி.ல 1952 மே 14. ஆதார்ல 1952 ஜனவரி 1. பையன் என்னடான்னா உங்க பென்ஷன் ஒழுங்கா வருதுல்ல, எதுக்கு நோண்டுறீங்கன்னு கேக்குறான். விட்டுடலாமா? (ஆற்காடு பக்கத்து வாசகர்)

விடாதீங்க ஐயா. உங்க பென்ஷன் ஒழுங்கா வருதுங்கறது வாஸ்தவம், ஆனா இது உங்க பென்ஷன் சமாச்சாரமே இல்ல, உங்களுக்கப்புறம் அந்தம்மாவுக்கு வர வேண்டிய ஃபேமிலி பென்ஷன் சமாச்சாரம்.

முதல்ல இது எப்படி நடந்திருக்கும்னு சொல்றேன். கல்யாணம் முடிஞ்சு லீவுல இருந்து யூனிட்டுக்குத் திரும்பினதும் ஆபீஸ்ல போய் ரிப்போர்ட் பண்ணியிருப்பீங்க. அங்க உக்காந்திருந்த கிளார்க் பீவி கா நாம் க்யா, அதாவது பொண்டாட்டி பேரு என்னன்னு கேட்டிருப்பார், நீங்க சொல்லியிருப்பீங்க. ழ-வுக்கு இசட் எச் போடறது நமக்குள்ள வெச்சுக்கிட்ட ஒரு ஏற்பாடு, பீகார்ல இருந்து வந்த கிளார்க்குக்கு அது எப்படித் தெரியும், காதுல விழுந்ததை எழுதியிருப்பார். டேட் ஆஃப் பர்த் என்னன்னு கேட்டதும் நீங்க முழிச்சிருப்பீங்க (கோச்சுக்காதீங்க, அந்தக் காலத்துல பொண்டாட்டி பிறந்த தேதி தெரிஞ்ச சிப்பாயை நான் பாத்ததே இல்ல), என்னைவிட ஆறு வயசு சின்னவன்னு குத்துமதிப்பா சொல்லியிருப்பீங்க, அவர் உங்க வருஷத்தோட ஆறைக் கூட்டி ஜூலை 1ன்னு போட்டு பார்ட் டூ ஆர்டர் (சிப்பாயோட சொந்த விவரத்தைப் பதிவு பண்ற யூனிட் ஆர்டர்) அடிச்சு விட்டிருப்பார். நானே அப்படி எத்தனை பேருக்கு எழுதியிருக்கேன்னு நினைச்சா இப்ப கொஞ்சம் உறுத்தத்தான் செய்யுது. அந்த ஒரு பக்க ஆர்டர்தான் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய், ஷீட் ரோல்ல (உங்க சர்வீஸ் விவரமெல்லாம் இருக்கற தாள்) ஏறி, டிஸ்சார்ஜ் புக்குல ஏறி, பி.பி.ஓ.வுல (பென்ஷன் குடுக்கச் சொல்ற ஆர்டர்) ஏறி இப்ப கம்ப்யூட்டர்ல வந்து நிக்குது.

நஷ்டம் என்னன்னு கேட்டா, ஃபேமிலி பென்ஷன் வாங்கறவங்களுக்கு 80 வயசு ஆனதும் 20 சதவீதம் கூடும், 85ல 30, 90ல 40, 95ல 50, நூறைத் தொட்டா ஒரு மடங்கு. அந்த வயசை பி.பி.ஓ.ல இருக்கற தேதியை வெச்சுத்தான் கணக்கு போடுவாங்க, முகத்தைப் பாத்து இல்ல. டி.சி.படி அந்தம்மாவுக்கு 2032 மே மாசம் 80 ஆகும். ரெக்கார்டுபடி 2036 ஜூலைல. நடுவுல 50 மாசம். குறைஞ்சபட்ச ஃபேமிலி பென்ஷனான 9,000 ரூபாய்னே வெச்சுக்குவோம், 20 சதவீதம் 1,800, அம்பது மாசத்துக்கு 90,000, அதுக்கு மேல டி.ஆர். (பென்ஷன்காரங்களுக்கான அகவிலைப்படி) வேற. ஒரு ஹவில்தார் சம்சாரத்துக்கு வர்றது நிஜத்துல இதைவிடக் கூடத்தான் இருக்கும். இது தேதிக்கு மட்டும். பேரு ஒத்துப் போகலைன்னா ஃபேமிலி பென்ஷன் ஆரம்பிக்கறதே இழுக்கும், அது எப்படி இருக்கும்னு கீழ ஒரு அம்மா எழுதியிருக்காங்க, உங்க பையனைப் படிக்கச் சொல்லுங்க.

இப்ப வேலைக்கு வருவோம். நேரா ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிடாதீங்க, ஏன்னா உங்க கையில இருக்கற பேப்பரே ஒண்ணுக்கொண்ணு சண்டை போடுது. ஆதார்ல இருக்கற ஜனவரி 1 யாரோட நிஜமான பிறந்த நாளும் இல்ல, கேம்ப்ல தேதி தெரியாதுன்னு சொன்னவங்களுக்கெல்லாம் விழுந்த தேதி, நம்ம ஊர்ல பாதிப் பாட்டிங்களுக்கு புது வருஷத்தன்னிக்குத்தான் பர்த்டே. டி.சி.ய ஏத்துக்கறாங்களான்னு சென்டர்ல கேட்டுக்கிட்டு, ஆதாரை முதல்ல மே 14க்கு மாத்துங்க. ஆதார்ல பிறந்த தேதி ஒரே ஒரு தடவைதான் மாத்த விடுவாங்க, அதனால சென்டர்ல டைப் பண்றவர் தோளுக்குப் பின்னாடி நின்னு ஒவ்வொரு எழுத்தையும் பாருங்க, பேரையும் டி.சி.ல இருக்கற ஸ்பெல்லிங்லயே போடச் சொல்லுங்க. அப்புறம் பான், பேங்க் பாஸ்புக். மூணும் ஒரே மாதிரி ஆனதுக்கப்புறம்தான் நாசிக் ரோடு கேம்ப்ல இருக்கற உங்க ஆர்ட்டிலரி ரெக்கார்ட்ஸுக்கு அப்ளிகேஷன்.

அப்ளிகேஷன் நீங்க எழுதணும், உங்க ஆர்மி நம்பர், ரேங்க், பேரு எல்லாம் டிஸ்சார்ஜ் புக்குல இருக்கற மாதிரியே. கூட அஃபிடவிட், ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோ, டிஸ்சார்ஜ் புக் காப்பி, பி.பி.ஓ. காப்பி, அந்தம்மா டி.சி., ஆதார், பான். அஃபிடவிட் நோட்டரி போதுமா, மாஜிஸ்ட்ரேட் முன்னாடிதான் போடணுமா, பேப்பர்ல விளம்பரம் குடுக்கணுமாங்கறது ஆபீஸுக்கு ஆபீஸ் மாறும். அதனால காசு செலவு பண்றதுக்கு முன்னாடி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு நடை போங்க, நம்ம பெருசுங்க இன்னும் சோல்ஜர் போர்டுன்னுதான் சொல்றாங்க, அங்க உங்க ரெக்கார்ட் ஆபீஸ் இப்ப என்ன கேக்குதுன்னு தெரியும், மூலப் பத்திரத்தைப் பாத்து சீல் போட்டு கவரிங் லெட்டரும் வாங்கிக்கலாம். ஸ்பர்ஷ்ல நீங்களே ரிக்வெஸ்ட் போட்டாலும் சுத்திச் சுத்தி அது ரெக்கார்ட் ஆபீஸ் மேஜைலதான் போய் நிக்கும். அவங்க புதுசா பார்ட் டூ ஆர்டர் போட்டு, அதை வெச்சு பிரயாக்ராஜ்ல இருக்கற பென்ஷன் ஆபீஸ் கரிஜெண்டம் பி.பி.ஓ. (திருத்தின பென்ஷன் ஆர்டர்) போட்டாத்தான் வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம். பார்ட் டூ ஆர்டர் காப்பி வந்துருச்சுன்னு சந்தோஷப்பட்டு ஃபைலை மூடி பீரோல வெச்சவங்க நிறைய பேர்.

இதெல்லாம் நடக்கறதுக்கு முக்கியமா வேண்டியது உங்க கையெழுத்து ஐயா. நீங்க இருக்கும்போது இவதான் என் சம்சாரம், கிளார்க் தப்பா எழுதிட்டார்னு ஒரு வரி எழுதிக் குடுத்தா முடியற விஷயம், உங்களுக்கப்புறம் அந்தம்மா நான்தான் அவர் சம்சாரம்னு ஊரைக் கூட்டி நிரூபிக்கணும்.

கேள்வி: என் கணவர் ஆர்மி சிக்னல்ஸ்ல (தகவல் தொடர்புப் பிரிவு) நாயக் ரேங்க்ல இருந்தவர், 2023ல தவறிட்டார். பி.பி.ஓ.ல என் பேரு பாப்பான்னு இருக்கு. அது வீட்ல கூப்பிடற பேரு. ஆதார், ரேஷன் கார்டு எல்லாத்துலயும் சரஸ்வதி. ரெண்டும் வேற வேற ஆள்னு சொல்லி பேப்பரைத் திருப்பி அனுப்பிட்டாங்க. (வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்)

அம்மா, முதல்ல ஒண்ணு, பயப்படாதீங்க. லேட்டானாலும் பணம் போகாது, சரியானதும் அவர் தவறின மறுநாள்ல இருந்து கணக்கு பண்ணி நிலுவையா வரும்.

கின்ட்ரட் ரோல்னு ஒரு பாரம் உண்டு, சொந்தபந்தம் யார் யார்னு குடும்ப விவரம் எழுதறது. அதுல உங்க பேரை அவர் ஆசையா கூப்பிட்ட மாதிரியே சொல்லியிருக்கார், எழுதினவரும் எழுதிட்டார். என்கூட வேலை பார்த்த ஒருத்தர் பைல்ல சம்சாரம் பேரு கண்ணுன்னு இருந்துச்சு, நாங்க சிரிச்சோம், இப்ப உங்க லெட்டரைப் படிச்சதும் அந்தக் கண்ணு என்ன பாடு படறாங்களோன்னு தோணுது.

நீங்க செய்ய வேண்டியது, பாப்பாவும் சரஸ்வதியும் ஒரே ஆள்னு ரெண்டு பேரையும் ஒரே தாள்ல காட்டற பேப்பர் சேக்கறது. தாசில்தார் ஆபீஸ்ல வாரிசு சான்றிதழ் இன்னும் வாங்கலைன்னா நல்லதாப் போச்சு, மனு போடும்போதே "சரஸ்வதி என்கிற பாப்பா"ன்னு போட்டு, வி.ஏ.ஓ. விசாரிக்க வரும்போது அதையே சொல்லி, சான்றிதழ்லயும் அந்த "என்கிற" வர்ற மாதிரி பாத்துக்கோங்க. அந்த ஒரு வார்த்தைக்கு இருக்கற மதிப்பு பத்து அஃபிடவிட்டுக்குக் கிடையாது. ஏற்கனவே வாங்கிட்டீங்கன்னா திருத்தத்துக்கு மனு குடுங்க. அப்புறம் பீரோ, டிரங்குப் பொட்டி எல்லாத்தையும் கவுத்துக் கொட்டுங்க. கல்யாணப் பத்திரிகை, பசங்க ஸ்கூல் சர்டிபிகேட்ல அம்மா பேரு, பழைய ரேஷன் கார்டு, அவர் பேர்ல வந்த எல்.ஐ.சி. பாண்டுல நாமினி, எதுல பாப்பான்னு இருந்தாலும் எடுத்து வைங்க. இன்னொண்ணு, அவர் டிஸ்சார்ஜ் ஆகும்போது குடுத்த பென்ஷன் பேப்பர்ல பெரும்பாலும் ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கற போட்டோ இருக்கும். அது ஜபல்பூர்ல சிக்னல்ஸ் ரெக்கார்ட்ஸ்ல அவர் பைல்ல இருக்கணும். உங்க மனுவுல அந்த போட்டோவை இப்ப அனுப்பற போட்டோவோட ஒப்பிட்டுப் பாருங்கன்னு தெளிவா ஒரு வரி எழுதுங்க, அவங்களா எடுத்துப் பாப்பாங்கன்னு இருக்காதீங்க.

அஃபிடவிட், இறப்புச் சான்றிதழ் (இதுல அவர் பேரு டிஸ்சார்ஜ் புக்குல இருக்கற மாதிரி இருக்கான்னு மறுபடி பாருங்க, பேரப்பிள்ளைங்க அவசரத்துல இனிஷியலை விட்டுருப்பாங்க), வாரிசு சான்றிதழ், எல்லாத்தையும் நல அலுவலகம் மூலமாவே அனுப்புங்க. நீங்க தனியா அனுப்பற கவரும் ஆபீஸ் சீலோட வர்ற கவரும் ஒரே மரியாதையோட திறக்கப்படாது, உள்ள இருந்தவன் சொல்றேன். மூணு மாசத்துல பதில் வரலைன்னா ஆர்.டி.ஐ. போடுங்க. பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர், என் மனு மேல என்ன நடவடிக்கை எடுத்தீங்க, எந்த செக்‌ஷன்ல இருக்குன்னு ரெண்டே கேள்வி, 30 நாள்ல பதில் சொல்லியாகணும். வேலையே அதுல முடிஞ்சிடும்னு சொல்ல மாட்டேன், ஆனா அடியில கிடக்கற ஃபைல் மேல வரும்.

அந்த ஆபீஸ் வாசல்ல நின்னுக்கிட்டு பத்தாயிரம் குடுங்க முடிச்சுத் தர்றேன்னு சொல்றவர்கிட்ட மட்டும் ஒரிஜினல் எதையும் குடுத்துடாதீங்கம்மா.

கேள்வி: எனக்கு ரெக்கார்டுபடி பிறந்த வருஷம் 1951. நிஜத்துல நான் 1948. எங்கம்மா சொன்னது, ஜாதகமும் இருக்கு. சரி பண்ணினா 80 வயசு பென்ஷன் மூணு வருஷம் முன்னாடி வருமே? (வாசகர், கம்மவான்பேட்டை)

வராதுங்க. வீட்டுக்கு ஒரு மில்டரிக்காரர்னு பேர் வாங்கின ஊர்ல இருந்துக்கிட்டு இதை என்கிட்ட கேக்குறீங்க, உங்க தெருவுலயே நாலு பேர் சொல்லியிருப்பாங்களே.

நம்ம தலைமுறைக்கு வயசு போட்டது ஹெட்மாஸ்டர். கையைத் தலைக்கு மேல சுத்தி எதிர்ப்பக்கக் காதைத் தொட்டா அஞ்சு வயசு, உடனே ஜூன்ல சேக்கறதுக்குத் தோதா ஒரு தேதி. அது தப்புங்கறது உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும் கவர்மென்ட்டுக்கும் தெரியும். ஆனா சேரும்போது எழுதிக் குடுத்த தேதியை வெச்சுத்தான் வேலைக்கு எடுத்தாங்க, பிரமோஷன் குடுத்தாங்க, வீட்டுக்கு அனுப்பினாங்க. கடைசி நேரத்துல வந்து அதை மாத்துன்னா கேக்க முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1993ல ஹர்னாம் சிங் கேஸ்ல சொன்னதுல இருந்து திரும்பத் திரும்ப சொல்லிட்டிருக்கு.

சிப்பாய்க்குத்தான் இந்தக் கறார்னு நினைச்சுக்காதீங்க. ஜெனரல் வி.கே.சிங் கதை ஞாபகம் இருக்கா? ஆர்மி சீஃப். மெட்ரிக் சர்டிபிகேட்ல 1951 மே 10, என்.டி.ஏ.வுக்கு (ராணுவ அதிகாரிங்களுக்கான பயிற்சி அகாடமி) போட்ட அப்ளிகேஷன்ல 1950 மே 10. இதுல வேடிக்கை, ஆர்மி ஹெட் குவார்ட்டர்ஸ்லயே ஒரு பிராஞ்ச் 1950ன்னும் இன்னொரு பிராஞ்ச் 1951ன்னும் வருஷக்கணக்கா வெச்சிருந்தது. பதவில இருக்கும்போதே கவர்மென்ட்டை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார், 2012 பிப்ரவரி 10ம் தேதி கோர்ட்ல காத்து எந்தப் பக்கம் வீசுதுன்னு தெரிஞ்சதும் மனுவை வாபஸ் வாங்கிட்டார், மே 31ல ரிட்டயர்டு. பத்தாம் கிளாஸ் சர்டிபிகேட்டை கையில வெச்சிருந்த ஜெனரலுக்கே இதுதான்னா உங்க ஜாதகத்தை எந்த ஜோசியர்கிட்ட காட்டறது.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஷீட் ரோல்ல ஒரு தேதி இருந்து, பி.பி.ஓ.ல அடிக்கும்போது வேற தேதி விழுந்திருந்தா அது டைப்பிங் தப்பு, தாராளமா சரி பண்ணலாம், பண்ணியே ஆகணும். ஷீட் ரோல் காப்பியை ஆர்.டி.ஐ.ல கேட்டு வாங்கிப் பாருங்க. அதுலயும் 1951ன்னா ஆசையை விட்டுடுங்க. ஆதாரைப் போய் 1948ன்னு மாத்திடாதீங்க, இருக்கற தலைவலி பத்தாதுன்னு லைஃப் சர்டிபிகேட் நேரத்துல புதுசா ஒண்ணு வரும்.

கேள்வி: டிஸ்சார்ஜ் புக்குல என் மாவட்டம் நார்த் ஆற்காடுன்னு இருக்கு. இப்ப நாங்க ராணிப்பேட்டை. அதை மாத்தணுமா?

வேண்டாம். 1989ல வட ஆற்காட்டைப் பிரிச்சாங்க, அப்புறம் வேலூர்னு பேராச்சு, 2019ல மறுபடி மூணாப் பிரிச்சாங்க. ஒவ்வொரு தடவையும் ரெக்கார்டைத் திருத்தப் போனா வேற வேலை பாக்க முடியாது. நீங்க சேர்ந்தப்போ இருந்தது நார்த் ஆற்காடு, அது தப்பே இல்ல. இப்ப இருக்கற அட்ரஸை ஸ்பர்ஷ்லயும் பேங்க்லயும் ஈ.சி.ஹெச்.எஸ்.லயும் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) மாத்துங்க, போதும். நல அலுவலகத்துல உங்க பேரு எந்த மாவட்டத்துப் பதிவேட்டுல இருக்குன்னு மட்டும் கேட்டுக்கோங்க.

கேள்வி: ஆர்மில என் பேரு வெறும் முருகன். ஆதார்ல சுப்பையா முருகன். எதை மாத்தறது?

ஆதாரை. இனிஷியலை விரிச்சு அப்பா பேரை முன்னாடி போட்டது ஆதார் எடுத்தவங்க, ஆர்மி பேரு அதுக்கு முன்னாடியே இருந்தது. பென்ஷனர் அடையாள அட்டையைக் காட்டி ஆதாரைப் பழைய பேருக்குக் கொண்டு வாங்க, அதுல பேரை ரெண்டு தடவை மாத்தலாம். சர்வீஸ் ரெக்கார்டுல சொந்தப் பேரை மாத்தறதுன்னா அஃபிடவிட், கெஜட், விளம்பரம்னு நடக்கணும், இத்தனைக்கும் லாபம் ஒண்ணும் இல்ல. சம்சாரம் பேருக்கு ரெக்கார்டைத் திருத்துன்னு சொன்னவன் இங்க ஏன் ஆதாரைத் திருத்தச் சொல்றேன்னு கேப்பீங்க. அங்க ரெக்கார்டு நிஜமாவே தப்பு, இங்க ரெக்கார்டு சரி.

கேள்வி: என் அப்பா 1963ல சேர்ந்து 1970ல பென்ஷன் இல்லாம வந்துட்டார். இப்ப அவர் ரெக்கார்டுல ஊர்ப் பேரைத் திருத்தணும்னு எழுதினோம், ரெக்கார்டே இல்லைன்னு பதில் வந்திருக்கு. ஏமாத்தறாங்களா?

இல்ல தம்பி. பென்ஷன் இல்லாதவங்க பேப்பரை 25 வருஷம் வெச்சிருந்துட்டு அழிச்சிடுவாங்க, விதியே அதுதான். மிச்சம் இருக்கறது லாங் ரோல்னு ஒரு பெரிய ரிஜிஸ்டர், அதுல ஆளுக்கு ஒரு வரி ரெண்டு வரிதான் இருக்கும். திருத்தறதுக்கு அங்க ஃபைலே கிடையாது. அப்பா கையில இருக்கற டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்தான் இனிமே ஒரிஜினல், அதை லேமினேட் பண்ணிடாதீங்க, மடிப்புல கிழிஞ்சிருந்தா பட்டர் பேப்பர் ஒட்டி பிளாஸ்டிக் கவர்ல வைங்க, ஸ்கேன் பண்ணி போன்லயும் வெச்சுக்கோங்க. அவருக்கு 65 தாண்டிடுச்சு, ஹவில்தாருக்கு மேல போகல, வருமானமும் இல்லைன்னா கேந்திரிய சைனிக் போர்டு குடுக்கற பெனுரி கிராண்டுக்கு (வறுமை உதவித்தொகை) மனு போடலாமான்னு நல அலுவலகத்துல கேளுங்க. ஊர்ப் பேரைவிட அது முக்கியம்.

கேள்வி: ரெக்கார்ட் ஆபீஸுக்கு மூணு லெட்டர் போட்டேன், மூணுக்கும் ஆர்மி நம்பர் சரியில்லைன்னே பதில் வருது. 15 வருஷம் சொன்ன நம்பர், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

தூக்கத்துல சொல்லும்போது கடைசி எழுத்தையும் சேர்த்து சொல்வீங்களா? நம்பர் முடிஞ்சதும் எக்ஸ்னோ ஒய்னோ ஒத்தை இங்கிலீஷ் எழுத்து ஒண்ணு இருக்கும், செக் லெட்டர்னு பேரு. பரேடுல நின்னு கத்தும்போது யாரும் அதைச் சொல்றதில்ல, அதான் பல பேருக்கு மறந்தே போச்சு. லெட்டர்ல நம்பரை மட்டும் எழுதியிருக்கீங்க, எனக்குப் போட்ட கார்டுலயும் அப்படித்தான் இருக்கு. டிஸ்சார்ஜ் புக் முதல் பக்கத்துல பாத்து அதையும் சேர்த்து நாலாவது லெட்டரைப் போடுங்க, இந்த தடவை ஸ்பீட் போஸ்ட்ல.